கிச்சாப்பின் இடது கிட்னி

இது சத்தியமாக நடந்த கதை. சரி, முக்கால்வாசி நடந்தது; மீதியை ஊதிப் பெரிதாக்கியது சொல்கிறவன் வாய். ஊதாமல் சொன்னால் நீங்கள் கேட்பீர்களா?

மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஓர் இனம் உண்டு: தனக்கு வந்த நோய்தான் உலகத்துக்கே வரும் என்று நம்பும் வைத்தியர் இனம். படிப்பும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் ஒரு நாற்காலி போதும். உங்கள் மாமியாரின் முட்டிவலியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிளியின் இருமல்வரை, தே தாரேக் டீ ஆறுவதற்குள் மருந்து சொல்லிவிடுவார்கள்.

லோரி டயர் விற்கும் மெய்யப்பன் இந்த இனத்தில் முதல் தரம். ஒரு காலத்தில் அவருக்குக் கிட்னியில் கல் வந்தது. வெளியே வந்தபோது கடுகளவு. இப்போது அவர் சொல்லக் கேட்டால் பத்துமலைக்குத் தம்பி.

கடைக்குச் சாப்பாடு வாங்க வந்த அமுதவள்ளி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மிருக டாக்டர் திறந்திருப்பாரா? அவளுடைய சோயா சாஸ் நிறக் கறுப்பு நாய், அதனாலேயே கிச்சாப் என்று பெயர் பெற்றது, அதற்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ஒன்பது வருடமாக அவள் வேலை முடிந்து வரும்போது வாசலில் நிற்கிற ஒரே ஜீவன் அது.

"அது கல்லு லா. எனக்கும் இதே சிவப்புதான். டாக்டர்கிட்ட போனா அறுத்துருவான். பார்லி தண்ணி குடு, சூடு எறங்கிரும்."

கொடுத்தாள். அவள் குடியிருக்கும் தாமானில் நின்ற அத்தனை கார் டயர்களும் கிச்சாப்பின் புண்ணியத்தில் மூன்று வாரம் கழுவப்பட்டன. நடுவில் இரண்டு நாள் சிவப்பு காணாமல் போனது. மெய்யப்பன் நாயைக் குணமாக்கிய வைத்தியர் என்று தன் படத்தையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டார். பிறகு சிவப்பு திரும்பியது. கிச்சாப் கோழி ஈரலையே முகர்ந்துவிட்டு நகர்ந்தது. விலா எலும்பை எண்ணலாம். வயிற்றைத் தடவிய அமுதவள்ளியின் கையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது.

பெட்டாலிங் ஜெயாவில் மிருக டாக்டர் தாமரை ஸ்கேன் எடுத்தார்.

"இடது கிட்னியில கட்டிக்கா. முன்னாடியே வந்திருக்கலாம். நுரையீரல் எக்ஸ்ரேல பரவினமாதிரி தெரியல, வலது கிட்னி நல்லா இருக்கு. இடது கிட்னிய எடுத்துரலாம், ஆனா இந்த வாரமே. அப்புறமும் அடிக்கடி ஸ்கேன் பார்க்கணும். முழுசா சரியாயிரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுத அமுதவள்ளி பேனாவை எடுக்கும்போது போன் அடித்தது. வேறு யார்? ஒற்றைக் கிட்னியோடு எந்த நாயாவது ஓடியதைப் பார்த்திருக்கிறாயா, கையெழுத்துப் போடாதே என்றார் மெய்யப்பன்.

"அண்ணே, உங்களுக்கு வந்தது கல்லு. இதுக்கு வந்தது கட்டி. இது உங்க கிட்னி இல்லண்ணே."

போனை அணைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சிரைத்த வயிறும் தையலுமாகக் கிச்சாப் அந்தச் சாப்பாட்டுக் கடை வாசலில் நடந்துபோனது, மெதுவாக, ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு. மெய்யப்பன் எல்லா மேசைக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "நான் அப்பவே ஸ்கேன் எடுக்கச் சொன்னேன்."

நான் இதை அதே கடையில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து மேசை ராஜன் குறுக்கே விழுந்தான். இனி தினமும் ஆட்டுக் கிட்னி சூப்பு கொடுத்தால் போன கிட்னி முளைத்துவிடுமாம். முளைப்பதற்கு அது என்ன கங்கோங் கீரையா, கீழாநெல்லிதான் மருந்து என்று எதிரே உட்கார்ந்திருந்த இராஜம்மா மேசையைத் தட்டினாள். ராஜன் எழுந்தான், நாற்காலி சாய்ந்தது, யாருடைய மீ கோரெங் நூடுல்ஸோ தரைக்குப் போனது.

அது சரி, நீங்கள் ஏன் வாயைத் திறக்கிறீர்கள்? உங்களுக்கும் ஒரு மருந்து தெரியுமோ?