மல்லாட்டை மெஷினுக்கு மோட்டார் வைத்த கதை

'நீயே சுயமாகச் செய்' என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், காரியம் நன்றாக முடிந்தபின் அவர் எங்கே நிற்பார், கெட்டுப்போனபின் எங்கே நிற்பார் என்று முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நானே கற்றுக்கொண்டேன். அதுவும் என் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். (தாவணி கட்டிக்கொண்டு லேத் ஓட்டக் கூடாது என்பதற்காகவே என் அம்மா எனக்கு முதல் சுடிதார் வாங்கித்தந்தார்.) அந்த வருஷம் பல்கலைக்கழகம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. மாணவர்கள் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தாங்களே வடிவமைத்து, தாங்களே செய்து காட்டினால் அதற்குத் தனி மதிப்பெண். எங்கள் துறைத் தலைவர் இதை வகுப்பில் அறிவித்தபோது, மற்றவர்கள் எல்லாரும் சென்னையில் எந்தக் கடையில் புராஜெக்ட் மலிவாகக் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் அவர் சொன்னதை நம்பினேன்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா ஏழுமலை மல்லாட்டை போடுகிறவர். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விதைக்கு வைத்த காயைக் கையால்தான் உரிக்க வேண்டும். மில்லில் கொடுத்தால் பருப்பு பிளந்துவிடும், பிளந்தது முளைக்காது. ஒவ்வொரு ஆனி மாதமும் அம்மாவின் கட்டைவிரல் வீங்கிப்போய், சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவார். அந்த விரலை வைத்துத்தான் என் புராஜெக்ட்டை யோசித்தேன்: பருப்பு பிளக்காமல் விதை மல்லாட்டை உரிக்கும் மெஷின்.

என்னோடு சேர ஒருவரும் வரவில்லை. "மல்லாட்ட மெஷினா? இன்டர்வியூல இன்னானு சொல்றது?" என்று கேட்டான் வகுப்புத் தோழன் பிரபு. அவனுடைய குழு சென்னையிலிருந்து காற்றழுத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்றை ஆயத்தமாக வாங்கி வந்தது. அது வந்த அட்டைப்பெட்டியைக்கூட அவர்கள் பிரிக்கவில்லை.

நான் பழைய சைக்கிளின் செயினையும் பெடலையும் எடுத்து, இரண்டு உருளைகளுக்கு டயர் ரப்பரைச் சுற்றி, ஊர் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து மெஷினைச் செய்தேன். அப்பா மிதித்தார். காய் உள்ளே போனது, முழுப் பருப்பு கீழே விழுந்தது. அம்மா அதை நம்பாமல் கொஞ்சம் பருப்பை ஈரத்துணியில் கட்டி வைத்தார். எல்லாம் முளை விட்டபிறகு, "மெய்தான்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

கல்லூரிக்குக் கொண்டுபோனேன். துறைத் தலைவர் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். அவர்தான் எனக்கு கைடும்கூட.

"இன்னாமா இது, தையல் மெஷின் மாதிரி? எக்ஸ்டர்னல் வந்து பாத்தா டிபார்ட்மென்ட் மானம் போயிடும். பெடலக் கழட்டிட்டு மோட்டார் மாட்டு."

"மோட்டார் வச்சா வேகம் ஜாஸ்தியாயிடும் சார். பருப்பு ஒடைஞ்சிடும்."

"வேகமா ஓடுனா வேகமா உரிக்கும். இதுல இன்னா பிரச்சினை?"

வேகத்தைக் குறைக்கப் பெரிய புல்லி வேண்டும் என்றேன். லேபில் இல்லை. இருக்கிறதை மாட்டச் சொன்னார். லேப் உதவியாளர் பழைய அரவை மெஷினிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாட்டினோம். ஒரு கைப்பிடி காய் போட்டுப் பார்த்தபோது பாதிப் பருப்பு முழுசாக வந்தது, பாதி பிளந்து வந்தது. "அதான் வருதே" என்றார் சார்.

அந்த வருஷம் தேர்வுகள் தள்ளிப்போய் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு ஆனி மாதத்தில் விழுந்தது. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித்தேர்வாளராக, வர வேண்டிய சென்னைப் பேராசிரியர் பௌர்ணமி நாளையே கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் வைவா, சாயங்காலம் கிரிவலம். ஒரே பயணப்படியில் இரண்டு புண்ணியம்.

மெஷின் வேலை செய்வதைக் காட்ட ஒரு மூட்டை காய் வேண்டும் என்றார் சார். வீட்டில் சொன்னேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம வெதைய எப்பிடியும் உரிச்சித்தான ஆவணும். அங்கியே உரிச்சிக்கலாம்" என்று ஆடிக்கு வைத்திருந்த மொத்த விதைக் காயையும் மூட்டை கட்டினார். மோட்டார் மாட்டியதை அவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அதில் இன்னும் பெருமை. "கரண்ட்லயே ஓடுதா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பாதி உடைவதை மட்டும் நான் சொல்லவில்லை; ஒரு முறம் ஓட்டிக் காட்டிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருந்தேன்.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளைச் சட்டை வேட்டியோடு அப்பா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்தர்கள் கூட்டத்தில் நடந்தார். நான் ரிப்போர்ட்டை மார்போடு அணைத்தபடி பின்னால் போனேன். "அன்னதானத்துக்குங்களா சாமி?" என்று ஒருவர் கேட்டார். "இல்லீங்க, பொண்ணு இன்ஜினியரு" என்றார் அப்பா. கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

லேபில் எக்ஸ்டர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவிட்ச் சுவரில், சாருக்குப் பின்னால். சாரே போட்டார்.

மோட்டார் அலறியது. அப்பா ஒரு முறம் காயைக் கொட்டினார். சத்தம் பலமாக வந்ததும் மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து இன்னொரு முறம் கொட்டினார். "போதும்பா, நிறுத்துப்பா" என்று நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, மூட்டையையே தூக்கிச் சாய்த்தார். உரிந்த ஓடு ஜன்னல் கண்ணாடியில் போய் அடித்தது. பருப்பின் சிவப்புத் தோல் பொடியாகி அறை முழுக்கப் பறந்தது. எக்ஸ்டர்னலின் வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமானது. சார் சுவிட்சைத் தேடி சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கைக்கு முதலில் ஃபேன் சுவிட்ச்தான் அகப்பட்டது. (அதன்பிறகு மிச்சம் மீதியிருந்த பொடியும் எழுந்து பறந்தது.)

மோட்டார் நின்றபோது மூட்டை காலி. கீழே அத்தனையும் பிளந்த பருப்பு. அப்பா குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். வேறொரு இடத்தில் அள்ளிப் பார்த்தார். அப்புறம், சும்மா நிற்க முடியாமல், அந்தக் கையை எக்ஸ்டர்னலிடம் நீட்டி, "சாப்டுங்க சார், நம்ம நெலத்துது" என்றார்.

எக்ஸ்டர்னல் சட்டையைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். "இந்த வேகத்த எத வச்சிம்மா முடிவு பண்ணே?"

"நான் பெடல் வச்சிதான் சார் செஞ்சேன். மோட்டார்..." என்று சாரைப் பார்த்தேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை. "இது சுயமா செய்ற புராஜெக்ட் சார். நாங்க தலையிடறதில்ல. எல்லாம் அவங்க சொந்த முடிவு."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் இது தமிழ். "இல்லீங்களே, மிதிக்கிற மாதிரிதான எங்க பொண்ணு செஞ்சிது. நானே மிதிச்சேனே. ஒண்ணுகூட ஒடையலீங்க" என்றார்.

"பெரியவரே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் சார்.

அப்பா வெளியே போனார். செருப்பை அறை வாசலிலேயே விட்டிருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். இதை எழுதும்போதும் எனக்கு அந்த இடத்தில் நகைச்சுவை வரவில்லை. மன்னிக்கவும்.

"இன்ஜினியர்னா பொறுப்ப ஏத்துக்கணும், அடுத்தவங்க மேல போடக் கூடாது" என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டு எக்ஸ்டர்னல் பிரபுவின் பெட்டிக்குப் போனார். பெட்டி நன்றாக ஓடியது. இதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு "டீம் ஒர்க் சார்" என்றான் பிரபு. "முழுக்க நம்ம டிபார்ட்மென்ட் வழிகாட்டுதல்ல செஞ்சது சார்" என்றார் துறைத் தலைவர். அவர்களுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். எனக்கு ஃபெயில் ஆகாத அளவுக்கு ஏதோ போட்டார்கள்.

பருப்பைக் கூட்டி அள்ளி அதே சாக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சட்னிக்கு ஆச்சி" என்றார். மூன்று வேளையும் மல்லாட்டைச் சட்னி சாப்பிடும் ஒரு குடும்பத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

விதைக்கு வழி? ஊரில் அந்த ரகம் வைத்திருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவரும் அப்பாவும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஒரு விடியற்காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். பெரியப்பா விதை கொடுத்தார். கூடவே அந்தக் கதையையும் எடுத்துக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும், "எங்க ஏழுமல பொண்ணு இன்ஜினியருக்குப் படிச்சிதே, அதனாலதான் என் தம்பி எங்கிட்ட பேசவே வந்தான்" என்று தொடங்குவார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துச் சொன்னார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் டிகிரி சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். துறை வாசலில் என் மெஷின் பெயின்ட் அடித்து ஒரு மேடைமேல் நின்றிருந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பெடல் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் 'கிராமப்புற விவசாயிகளுக்கான எளிய கண்டுபிடிப்பு' என்று ஒரு பலகை, அதன்கீழே துறைத் தலைவரின் பெயர். நான் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. "கண்காட்சிப் பொருளத் தொடாதம்மா" என்றார் வாட்ச்மேன்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கதையில் சிரிக்க யாருக்கும் எதுவும் மிஞ்சியிருக்காது.

போன வருஷம் என் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தாள். முதல் போனை, ஸ்பீக்கரில் வைத்து, என் அப்பாவுக்குப் போட்டாள். "தாத்தா, மெக்கானிக்கல் எடுத்திருக்கேன். எங்க காலேஜ்ல நாங்களே சொந்தமா புராஜெக்ட் பண்ணணுமாம்."

அப்பா விவசாயத்தை விட்டு வெகு காலமாயிற்று.  அவர் உள்பக்கம் திரும்பி அம்மாவிடம் சொல்வது கேட்டது.

"ஏமே, வெதைய எட்து உள்ள வை."

"பேத்தி பொறந்தன்னைக்கே வச்சிட்டேன்" என்றார் அம்மா.