மேற்படி பொருள் ரொட்டி அன்று

ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு வயிறு இருக்கும். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. தையற்காரம்மாவின் வீட்டில் அந்த நாலு வயிறும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதுதான் விசேஷம்.

புருஷன் பஸ் ஓட்டுநர். சர்க்கரை வியாதி. அவருக்குத் தவிடு நீக்காத மாவில், இனிப்பு காட்டாமல் ஒரு ரொட்டி. கொழுந்தன் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவன். வீட்டில் பெயர் பயில்வான். அவனுக்கு எந்த வியாதியும் கிடையாது. அதுதான் பெரிய தொல்லை. வியாதி இருந்தால் டாக்டர் ஒரு தடவை சொல்வதோடு விட்டுவிடுவார். பயில்வானுக்குச் செல்போன் தினமும் சொல்லிற்று. திங்கட்கிழமை ரொட்டியில் முட்டை வெள்ளைக்கரு நாலு இருக்க வேண்டும். புதன்கிழமை முட்டை விஷமாகி, ஆளிவிதை அமுதமாகிவிடும்.

மூன்றாவது வயிறு எட்டு வயது மகள் குட்டியுடையது. நிஜமான சிக்கல் இவளுக்குத்தான். கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சுருண்டு கிடப்பாள். அதனால் தினமும் காலை, கோதுமை டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே அரிசி மாவையும் சோள மாவையும் ஒட்டிக்கொள்ள இசப்கோல் உமி போட்டுக் கரைத்து, தனித் தகர அச்சில் ஊற்றி, குட்டியின் ரொட்டியைத் தையற்காரம்மா சுட்டு எடுத்து மூடி வைத்துவிடுவாள். அப்புறம்தான் மற்ற இரண்டும்.

நாலாவது வயிறு அவளுடையது. மூன்றில் எது கருகியதோ, அதுவே அவளுடைய உணவுமுறை.

இப்படிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் குட்டியின் பள்ளிக்கூடம் அந்த வருஷத்தை ஆரோக்கிய ஆண்டாக அறிவித்தது. மதியம் எல்லாப் பிள்ளைகளும் முழுக்கோதுமை பன் தின்று ஆரோக்கியமாக வேண்டும். குட்டி முதல் வாரத்திலேயே இரண்டு தடவை ஆரோக்கியமாகிப் படுத்த படுக்கையானாள். தையற்காரம்மா தலைமையாசிரியையைப் பார்க்கப் போனாள்.

"மேடம், அவளுக்குக் கோதுமை ஆகாது. இதோ டாக்டர் சீட்டு. வீட்டுலேர்ந்து வேற ரொட்டி குடுத்து விடறேன்."

தலைமையாசிரியை சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "இது குழந்தையைப் பத்தின சீட்டு. ரொட்டியைப் பத்தின சீட்டு எங்கே?"

"ரொட்டிக்கு உடம்பு நல்லாத்தானே மேடம் இருக்கு?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "வெளி ரொட்டி உள்ளே வரணும்னா உணவு ஒழுங்குத் துறையோட சான்றிதழ் வேணும். அதுவரைக்கும் பழம் மட்டும் கொண்டு வரலாம். பழத்துக்கு இன்னும் விதி போடலை."

தையற்காரம்மா விண்ணப்பம் கொடுத்தாள். நாலாம் நாள் ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் அட்டை, காதில் பேனா, இடுப்பில் அளவு நாடா. அடுப்படியை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார். பிறகு தையற்காரம்மாவையும் ஏற இறங்க அளந்தார்.

"இங்க எத்தனை வகை ரொட்டி நடக்குது?"

"மூணு, சார்."

ஆய்வாளர் முகம் கறுத்தது. "ஒரு வகை செஞ்சா சமையல். ரெண்டு வகை செஞ்சா விருந்து. மூணுன்னா தொழிற்சாலைம்மா."

"நாங்க யாருக்கும் விக்கறதில்லையே சார்."

"பரவாயில்லை. நட்டத்தில் இயங்கும் தொழிற்சாலைன்னு எழுதிக்கறேன்." எழுதிக்கொண்டார். "கோதுமைக்கும் கோதுமை இல்லாததுக்கும் நடுவுல பத்தடி இடைவெளி இருக்கணும்."

"அடுப்படியே எட்டடிதான் சார்."

"தெரியுது. மிச்சம் ரெண்டடிக்கு நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்."

தையற்காரம்மா ஏற்பாடு பண்ணினாள். கோதுமை மாவு குளியலறைக்குக் குடி போயிற்று. அடுப்படி வாசலில் மஞ்சள் நாடா கட்டி, ஒரு பதிவேடும் தொங்கவிடப்பட்டது. யார் உள்ளே போனாலும் பெயர், நேரம், நுழைவின் நோக்கம் மூன்றையும் எழுத வேண்டும். பஸ் ஓட்டி அலுத்து வந்த மனுஷன் வாசலில் நின்று, "நோக்கம்: தாகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். பயில்வான் மட்டும் ஒரே நாளில் பதினாறு தடவை கையெழுத்துப் போட்டு, கைக்கு நல்ல பயிற்சி என்றான்.

அடுத்தது மாதிரி. மூன்று வகையிலும் ஒவ்வொரு ரொட்டி சோதனைக்கு அனுப்பப்பட்டது. "மாதிரி போதவில்லை" என்று பதில் வந்தது. ஆறு அனுப்பினாள். "சோதனை முழுமை பெறவில்லை" என்றார்கள். மூன்றாவது கடிதம் இன்னும் விவரமாக இருந்தது: "கண்காணிப்பாளர் அவர்களுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதை முன்னிட்டு, இனிவரும் மாதிரிகளில் உப்பைக் குறைத்துச் சமர்ப்பிக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது."

இதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. குட்டி மதிய வேளையில் ஒரு வாழைப்பழத்தோடு வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சட்டை தொளதொளவென்று ஆயிற்று. தையற்காரம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தபோது, குட்டி குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, நம்ம ரொட்டிக்கு எப்ப உடம்பு சரியாகும்?"

தையற்காரம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். மறுநாள் காலை தைக்க வேண்டிய துணியெல்லாம் அப்படியே கிடக்க, நேராகத் துறை அலுவலகத்தில் போய் நின்றாள்.

கண்காணிப்பாளர் மீசையில் ரொட்டித் தூள் இருந்தது. சோதனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது போலும்.

"உட்காருங்கம்மா. உங்க கோப்பு என் மேசைலதான் இருக்கு. ஒரு சின்னச் சிக்கல்." சட்டப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். "'ரொட்டி என்பது கோதுமை மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டு எடுக்கும் பொருளாகும்.' உங்க குழந்தையோட ரொட்டியில கோதுமை இருக்கா?"

"இல்லை சார். இருக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும்."

"அப்ப அது ரொட்டியே இல்லை. ரொட்டி இல்லாததுக்கு ரொட்டின்னு எப்படிச் சான்று குடுப்போம்? விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்றதைத் தவிர வேற வழியில்லை."

எழுந்து அழுதுவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் இருபது வருஷம் துணி வெட்டியவள். முன்பக்கத்துக்குப் போதாத துண்டை அவள் ஒருநாளும் தூக்கி எறிந்ததில்லை. திருப்பிப் போட்டுக் காலர் வெட்டிவிடுவாள்.

"சரி சார். அப்ப இது ரொட்டி இல்லைன்னே ஒரு சான்று குடுத்துடுங்க."

கண்காணிப்பாளர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படிக் கொடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எழுதாததை மறுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அரை மணி நேரத்தில் வட்ட முத்திரையோடு காகிதம் கைக்கு வந்தது: "மேற்படி பொருள் ரொட்டி அன்று எனச் சான்றளிக்கப்படுகிறது."

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "ரொட்டி இல்லைன்னா எங்க விதியே இதுக்குப் பொருந்தாதே! தாராளமா கொண்டு வரட்டும்."

அன்று சாயங்காலம் குட்டி காலி டப்பாவை ஆட்டிக்கொண்டே வந்தாள். "எல்லாத்தையும் சாப்பிட்டேம்மா, பெஞ்சுல உக்காந்து!" தையற்காரம்மா டப்பாவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். பயில்வான் அந்தச் சான்றிதழைப் படம் பிடித்துச் செல்போனில் ஏற்றிவிட்டான். 'அரசே ஒப்புக்கொண்டது: இது ரொட்டி அல்ல!'

இரண்டே வாரத்தில் ஊரில் ரொட்டி தின்பவன் நாகரிகம் இல்லாதவன் என்று ஆகிவிட்டது. "நான் ரொட்டியை விட்டாச்சு, ரொட்டி அல்லாததுதான் சாப்பிடறேன்" என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். முக்குக் கடை பேக்கரிக்காரர் விவரமானவர். பழைய பன்னிலேயே 'ரொட்டி அன்று' என்று சீட்டு அச்சடித்து ஒட்டினார். பத்து மணிக்குள் கடை காலியாயிற்று. வரிசையில் ஆய்வாளரும் நின்றார்.

ஒருநாள் குட்டி ஒரு பன்னைத் தின்னாமல் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"பக்கத்துல உக்கார்ற பொண்ணு குடுத்தாம்மா. நம்ம சான்றுல இருக்கற மாதிரியே எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கு. ஆனா பிச்சா இழுபடுது. நம்மளோடது உதிருமே?"

தையற்காரம்மா பன்னைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அலுவலகத்துக்கு ஓடினாள். எதிரே ஆய்வாளர் அதே பன்னைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

"சார், இது முழுக்கக் கோதுமை!"

"இருக்காதும்மா. சீட்டுல போட்டிருக்கே. இதைச் சாப்பிட ஆரம்பிச்சதிலேர்ந்து வயிறு பஞ்சு மாதிரி இருக்கு."

"பிச்சுப் பாருங்க சார், ரப்பர் மாதிரி இழுபடுது. எம் பொண்ணு மாதிரி ஒரு பிள்ளை தின்னிருந்தா என்ன ஆகும்?"

ஆய்வாளர் இழுத்துப் பார்த்தார். கண்காணிப்பாளரும் இழுத்துப் பார்த்தார். அலுவலகமே இழுத்துப் பார்த்தது. விஷயம் தெரிந்தவர் ஒருவர் துறைக்குள் இல்லாததே இதற்குக் காரணம் என்று முடிவாகி, 'ரொட்டி அல்லாதவை பிரிவு' ஒன்று உதயமாயிற்று. அதன் ஆலோசகராகத் தையற்காரம்மா நியமிக்கப்பட்டாள். குட்டி மாதிரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடவை இப்படி நேரக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில்தான் அவள் ஒப்புக்கொண்டாள். முதல் வாரமே பேக்கரிச் சீட்டுகள் அத்தனையையும் கிழிக்க வைத்தாள். இரண்டாம் வாரம் அவளுக்குச் சுழல் நாற்காலி வந்தது. மூன்றாம் வாரம் மேசைமணி. நாலாம் வாரம் அவள் பெயரிலேயே ஒரு ரப்பர் முத்திரை.

ஐந்தாம் வாரம் ஒரு குழாய் ரிப்பேர்காரர் வந்து தயங்கி நின்றார்.

"அம்மா, எங்க அப்பாவுக்கு ஒரு பல்லு கூட இல்லை. பால்ல ஊறின மாதிரி மெத்துன்னு ஒரு ரொட்டி வீட்டுலயே சுட்டுக் குடுக்கறேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். வெளி ரொட்டிக்கு இங்க சான்று வாங்கணும்னு சொல்றாங்க."

"பல் இல்லைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"வாயைத் திறந்து காட்டுவாரும்மா."

தையற்காரம்மா நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றி, முத்திரையைக் கையில் எடுத்தாள். எடுத்ததை மறுபடி கீழே வைத்தாள்.

"வாய் ஒரிஜினல். ஜெராக்ஸ் ரெண்டு வேணும்."