கருமத்தம்பட்டியில் பட்டு நெய்தவர்கள்

கருமத்தம்பட்டி விசைத்தறித் தொழிலாளர்கள் நாற்பது பேரை, அவர்களில் ஒருவரிடம்கூடப் பேசாமல், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே மதியத்தில் உருவாக்கியவள் நான். இதை எப்போதாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் தொழிலாளர்களின் காதை எப்படிப் பாதிக்கிறது என்பது என் ஆய்வு. நாற்பது பேரை நேரில் பார்த்து, ஆளுக்கொரு கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். நான்கு மாத அவகாசம் இருந்தது.

அந்த நான்கு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் புரியாத விஷயம். சோம்பேறி என்றால் படுத்துக் கிடக்க வேண்டும் அல்லவா? நானோ ஓடிக்கொண்டே இருந்தேன். கேள்வித்தாளின் எழுத்துருவை ஆறு முறை மாற்றினேன். அட்டைக்கு எந்த நீலம் பொருத்தம் என்று மூன்று கடைகளில் பார்த்தேன். அம்மாவே தொடப் பயந்த பரணைச் சுத்தம் செய்தேன். (எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.)

ஒருநாள் காந்திபுரத்தில் பஸ் ஏறி, கருமத்தம்பட்டிக்குப் போகவும் செய்தேன். ஒரு தறிக்கூடத்தின் வாசலில் நின்றேன். உள்ளே தடதடவென்று சத்தம். முன்பின் தெரியாதவர்களிடம் போய், “உங்களுக்குக் காது கேட்குமா?” என்று எப்படிக் கேட்பது? எதிரிலிருந்த பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மறுநாள் வழிகாட்டி ஆசிரியர் விசாரித்தபோது, “ஃபீல்டுக்குப் போயிட்டு வந்தனுங்க சார்” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆய்வைச் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

“இத்தன நாளு என்ன பண்ணீட்டு இருந்த அம்மணி?” என்றார் அம்மா.

“பரணச் சுத்தம் பண்ணீட்டு இருந்தனே.”

அப்பாதான் கை நீட்டினார். “அட, குடு இப்படி. ஆளுக்குப் பத்து. எழுதிப்போட்டா முடிஞ்சுது.”

அப்பா, அம்மா, தம்பி பிரபு, நான் என்று நான்கு பேரும் ஆளுக்கொரு பேனாவுடன் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை. இந்த விவரம் அன்றைக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளராக ஒரு மேடம் வந்திருந்தார். மெதுவாகத் தாள்களைப் புரட்டினார்.

“நீங்க கருமத்தம்பட்டிக்குத்தான் போனீங்களா?”

“ஆமாங்க மேடம்.”

“அது எங்க ஊருங்க. எங்கப்பா முப்பது வருசம் தறி ஓட்டுனாரு. அங்க வெறும் பருத்திக் காடாத் துணிதான் நெய்வாங்க. இதுல பத்துப் பேரு பட்டுச் சேல நெய்யறதா எழுதியிருக்குது. எங்களுக்குத் தெரியாம எப்ப ஆரம்பிச்சாங்க?”

அப்பாவின் கடை அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அவர் அடுத்த தாளை எடுத்து வாசித்தார்.

“காது கேட்பதில் சிரமம் உண்டா? ‘மனைவி பேசும்போது மட்டும்.’ இவர நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“தினமும் பாக்கறனுங்க மேடம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “எங்கப்பாங்க.”

மேடம் சிரிக்கவில்லை. என் வழிகாட்டி ஆசிரியர் மட்டும் குனிந்து மேசைக்கடியில் எதையோ வெகுநேரம் தேடினார்.

“போறதுக்கு என்னங்க பிரச்சன?” என்று மேடம் கேட்டார். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

யோசித்தேன். “போய் முதல்ல என்ன பேசறதுன்னு தெரியலீங்க” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரியவந்தது. நான்கு மாதம் என்னைப் பரணில் ஏற்றி வைத்தது சோம்பல் அல்ல, வெறும் பயம்.

வகுப்பில் மற்ற எல்லோரும் தேறிவிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு வாரம் தந்து, உண்மையான நாற்பது பேருடன் வரச் சொன்னார்கள். வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். மேட்டுப்பாளையத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். (அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்ட அம்மா, இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.)

தேர்வுக்கு மறுநாளே பஸ் ஏறினேன்; போகும்போது எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டேன். இருபத்துநான்கு கேள்வியையும் கேட்க வேண்டாம். ஒரே ஒருவரிடம் பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

அதே தறிக்கூடம், அதே தடதட. முதல் தறியில் நின்ற அக்காவிடம் போனேன்.

“உங்க பேரு என்னங்க?”

“சாப்ட்டனுங்க.”

“பேருங்க. பேரு.”

“பேரூர் இல்லீங்க கண்ணு, எனக்குச் சோமனூரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவரும் சிரித்துவிட்டார். தறியை நிறுத்திவிட்டு என்னை வெளியே கூட்டிவந்தார். சரோஜா என்று பெயர் சொன்னார். பிறகு நான் கேட்ட கேள்விகளுக்கும், கேட்காத பலவற்றுக்கும் பதில் சொன்னார். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பதால் மருமகளோடு வரும் சண்டையைச் சொன்னார். என் கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது கேள்விக்கு வந்தபோது பயத்தைத் தேடிப் பார்த்தேன், காணோம். சாயந்திரத்துக்குள் ஆறு பேர். ஒன்பது நாளில் நாற்பது பேர். மறுபடி தேர்வு வைத்தபோது, மேடம் அந்தப் பின்பக்கங்களைத்தான் அதிக நேரம் படித்தார். தேறினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைத் தள்ளிப்போட்டாலும், “பேரு மட்டும் கேளு, மத்தது தானா வரும்” என்பது அம்மாவின் மருந்தாகிவிட்டது.

சில வருடம் கழித்து, பிரபு பெண் பார்த்துவிட்டு வந்தான். பெண்ணின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் போன் செய்யாமல் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அம்மா பொறுக்க முடியாமல், “பேரு மட்டும் கேளுடா” என்றார். அவனும் ஒருவழியாக நம்பரை அழுத்தி, “ஏனுங்க, உங்க பேரு என்னங்க?” என்றான்.

மறுமுனையில் அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்: “எங்க ஊட்டுல ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சுப்போட்டுப் போனீங்களே, அப்ப யாரும் சொல்லலீங்களா?”

இன்றைக்கும் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், என் தம்பி மனைவி காப்பி டம்ளரை அவர்கள் கையில் கொடுக்கும் முன், தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறாள்.