பனிவண்டி வாசல் வழியே வந்த நெல்

மகாராஜபுரம்,
ஐப்பசி 20.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. பொன்னுராஜ் அவர்களின் சமுகத்திற்கு, தங்கள் இளைய மருமகள் இந்துவின் தாயார் வேலுத்தாய் பணிவுடன் வரைந்துகொள்வது. இவ்விடம் யாவரும் நலம். கனடா தேசத்துப் புல்வெளிச் சீமையில் மூத்த மகனார் இல்லத்தில் தாங்களும் துணைவியாரும் கம்பளியும் கதகதப்புமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். ஆடியில் வந்த தங்கள் கடிதத்திற்கு ஐப்பசியில் பதில் வரைவது பெருங்குற்றம். வேலை முடிந்த செய்தியோடுதான் பேனாவைத் தொடுவது என்று வைராக்கியம் கொண்டிருந்தேன். வேலை முடிவதும் முடியாமற்போவதுமாக இருந்தபடியால் பேனாவும் மூடியோடு கிடந்தது. பொறுத்தருள்க.

தங்கள் வயலில் குதிரையேற்றப் பயிற்சித் திடல் அமைக்கும் பொறுப்பை, பொறியியல் படித்த லிங்கேஸ்வரனிடம் கொடுக்காமல், எட்டாம் வகுப்போடு நின்று, மீதியை நூலகத்திலும் கட்டட வேலைகளிலும் தானே கற்றுத் தேர்ந்த என்னிடம் கொடுத்தீர்கள். கார்த்திகை முதல் தேதி தாங்கள் ஊர் திரும்பும்போது திடல் தயாராக இல்லையெனில் வேலை அவர் கைக்கு மாறும் என்பது நம் பேச்சு. "சம்பந்தியம்மா சொதப்புனா லிங்கேஸ்வரன் இருக்காம்லா" என்று தாங்கள் போனில் இந்துவிடம் கூறியதும் என் செவிக்கு எட்டியது. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று மூன்று முறை எழுதி, இரண்டை அடித்துவிட்டேன்.

அங்கே குதிரைத் திடல் அமைக்கும் முறை பற்றித் தாங்கள் அனுப்பிய பதினான்கு பக்க ஆங்கிலக் குறிப்பை அகராதி துணையோடு ஐந்து முறை வாசித்தேன். அங்கே நிலம் குளிரில் உறைந்து வீங்குகிறது, கோடையில் புழுதியாகிக் காற்றோடு போகிறது. இங்கே நம் கரிசல் மழையில் வீங்குகிறது, சித்திரையில் கால் நுழையும் அளவு வெடிக்கிறது. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே எனத் துணிந்தேன். ஆவணியில் கரிசலை இரண்டடி வெட்டி அகற்றிச் சரள்மண் நிரப்பி, கருத்தையா ரோலர் ஓட்ட, நான் ரசமட்டத்தோடு பின்னே நடந்து, நூறடிக்கு ஓரடி சரிவும் சுற்றிலும் வடிகாலும் அமைத்தேன். ஒன்பதாம் பக்கத்தில், பனி அள்ளும் வண்டி நுழையப் பதினாறடி வாசல் விடவேண்டும் என்றிருந்தது. விட்டேன். "அக்கா, வத்திராயிருப்புப் பக்கம் என்னைக்குக்கா பனிக்கட்டி கொட்டுச்சு?" என்று கருத்தையா கேட்டான். "எழுதியிருக்குல்லா, செய்லே" என்றேன்.

தளம் இறுகுவதற்கு ஒரு மாதம் அதன்மேல் எதுவும் செய்யாமல் விடவேண்டும் என்பது பத்தாம் பக்கம். அவ்வாறே விட்டேன். புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள் காலை சென்று பார்த்தால், பதினாறடி வாசல் வழியே நான்கு டிராக்டர்கள் நுழைந்து, ஊரின் அறுவடையெல்லாம் தங்கள் திடலில் காய்ந்துகொண்டிருக்கிறது! தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி பஸ்காரர்களிடம் ஏச்சு வாங்கும் சனங்களுக்கு, இப்படி ஒரு வழவழப்பான தரை கிடைத்தால் விடுவார்களா? பக்கத்து வயல் சுடலையம்மாள் மதினி காலால் நெல்லைக் கிண்டியபடியே என்னை வரவேற்றார்.

"ஏட்டி வேலுத்தாயி, ஊருக்கே களம் போட்டுத் தந்த மகராசி நீதாம்ட்டி. வண்டி வந்து போவ எம்புட்டு அகல வாசல்! யாருக்குட்டி இந்தப் புத்தி வரும்?"

"மதினி, இது குதிரை ஓடுற எடம்."

"குதிரை எங்க?"

"சம்பந்தி வந்துதான் வாங்குவாக."

"அவிய வரட்டும். அதுவரைக்கும் நெல்லு காயட்டும். சும்மாதான கெடக்கு."

காயப்போட்ட பிறத்தியார் நெல்லை அவர்களைக் கேளாமல் அள்ளுவதோ, செருப்புக்காலால் மிதிப்பதோ நம் பக்கத்தில் கிடையாது என்பது தாங்கள் அறியாததன்று. ஆகவே, "அத்துமீறி நெல் உலர்த்துவோர் அன்புகூர்ந்து விலகுவீராக" என்று பலகையில் எழுதி வாசலில் நிறுத்தினேன். எழுத்து முத்து முத்தாக இருப்பதாக மதினி பாராட்டினார். மறுநாள் பலகை, நெல் மூடிய தார்ப்பாயின்மேல் கனத்துக்குக் கிடந்தது.

ஒருவழியாக நெல் அகன்றது. மணலில் துணிப்பிசிறு கலந்தால் குளம்பு புதையாது என்பது பதினோராம் பக்கம். இராசபாளையத்தில் நஸ்ருதீன் பாயின் பேண்டேஜ் துணிக் கிட்டங்கியில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. "அடிபட்டவனுக்குக் கட்டுற துணிம்மா இது. ஒங்க திடல்ல ஆள் விழுறதுக்கு முந்தியே கட்டுப் போடுறீயளோ?" என்று கேட்டார். தளத்தின்மேலேயே மணலைக் கொட்டி, பிசிறைத் தூவிப் புரட்டினோம். சிந்திக் கிடந்த நெல்லும் உடன் புரண்டதை நான் கவனிக்கவில்லை. புழுதி எழாதிருக்கக் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும் என்பது பன்னிரண்டாம் பக்கம். ஒருவேளைகூடத் தவறாமல் தெளித்தேன். ஐப்பசி பத்தாம் தேதி திடல் முழுவதும் பச்சைப்பசேலென்று முளைத்து நின்றது.

ஏதோ புல் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, திருவில்லிபுத்தூரிலிருந்து நவநீதகிருஷ்ணனின் கல்யாண ஊர்வலக் குதிரையைச் சோதனைக்கு வரவழைத்தேன். அது உள்ளே ஓரடி வைத்தது, தலையைத் தாழ்த்தியது, பிறகு நிமிரவே இல்லை. "ஓடுதான்னு பாக்கத்தான கூப்ட்டீய? விருந்துன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, காலைல கொள்ளு வைக்காமக் கூட்டியாந்திருப்பேன்லா" என்றார் அவர். ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்: மேய்ந்த இடமெங்கும் குளம்பு புதையவுமில்லை, வழுக்கவுமில்லை.

எனவே தாங்கள் கவலையுற வேண்டாம். நாளை விடிந்ததும் ஆள்விட்டு ஒரு நாற்றுகூட மிஞ்சாமல் பிடுங்கி எறிந்து, அந்தப் பதினாறடி வாசலையும் ஆறடியாகக் குறுக்கிவிடுவேன். குறித்த தேதியில் திடல் தங்கள் குளம்படிகளுக்காக, மன்னிக்கவும், தங்கள் குதிரைகளின் குளம்படிகளுக்காகக் காத்திருக்கும். துணைவியாருக்கு என் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும் உரித்தாகுக.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
வேலுத்தாய்.

பி.கு.: இதை எழுதி ஒட்டுவதற்குள் இரண்டு நாள் அடைமழை. சுற்றுவட்டாரத்து நாற்றங்கால்கள் எல்லாம் மூழ்கி அழுகிவிட்டன. தங்கள் திடலில் மட்டும் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து, நாற்று நிமிர்ந்து நிற்கிறது. சுடலையம்மாள் மதினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, ஆறு வீட்டு நடவு இப்ப ஒங்கிட்டதான்ட்டி இருக்கு. பிடுங்கிறாத." லிங்கேஸ்வரனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வடிகாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரிவு எம்புட்டுக்கா வச்சீய?" என்று என்னிடம் கேட்டார். கேட்டவர் அவர், சொன்னவள் நான். ஆகவே மேலே பிடுங்கி எறிவதாகவும் வாசலைக் குறுக்குவதாகவும் எழுதியவற்றைத் தாங்கள் படிக்க வேண்டாம். நாற்று பிடுங்கும் பருவத்துக்கு இன்னும் பதினைந்து நாள் ஆகும், ஏற்றிப்போக வண்டியும் வரவேண்டும், நான் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பயணத்தைக் கார்த்திகை பத்துக்கு மாற்ற முடியுமா? இந்து இதைப் படமெடுத்துச் செல்போனில் அனுப்புவாள். சீக்கிரம் பதில் போடுங்கள்.