நானும் வீரையா மாமாவும் கொடுத்த இன்டர்வியூ

என்னைத் தனியாக விடுங்கள் என்று ஒரு தெருவையே கெஞ்சிவிட்டு, அப்படியே விட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்த ஆள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மறைத்தாலும் கீரமங்கலத்தில் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூடப் படித்தவர்கள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் நான் மட்டும் தினமும் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஈமெயிலில் அதிகமாகக் கடிதம் எழுதியவர் 'நோ ரிப்ளை' என்கிற அன்பர்தான். கம்பெனி மாறினாலும் அவர் மாறுவதில்லை. (உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்பார். பதிலுக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது.)

இந்த நிலைமையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனி, தரச் சோதனை இன்ஜினியர் வேலைக்கு என்னை ஆன்லைன் இன்டர்வியூவுக்கு அழைத்தது. இதுவும் போனால் மறுநாளே உரக்கடையில் வந்து உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். கடை நல்ல கடைதான். ஆனால் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால் நான் பிறகு எழுந்திருக்கவே மாட்டேன். என் சோம்பலின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, இடையில் நிறுத்த முடியாது. இதுதான் விதி. அறை என்றுதான் சொன்னார்கள். நான் வீட்டையே காலி செய்தேன். அப்பா கடைக்குப் போய்விட்டார். அம்மாவையும் தங்கச்சியையும் அறந்தாங்கிக்குப் பஸ் ஏற்றினேன். தெருவில் வீடு வீடாகப் போய், சத்தம் வேண்டாம் என்று கெஞ்சினேன். எதிர்வீட்டு மல்லிகா அக்காவிடம், கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீர்கள் என்று கேட்டேன். "சட்னியே வேணாம்டா, நீ மொதல்ல பாஸாகு" என்றார்.

பத்து மணிக்குத் திரை திறந்தது. அங்கே ஒரு மனிதரும் இல்லை. மெஷினே கேள்வி கேட்கும், நம் பதில் பதிவாகும், பிறகு யாரோ பார்ப்பார்களாம். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் என் முகம். மேலே நேரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"குட் மார்னிங் சார்" என்றேன். பதில் இல்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிறகு பதிலுக்குக் காத்திருந்தேன். (வணக்கம் சொன்னவனுக்கு வணக்கம் சொல்ல வேண்டாமா?) அதற்குள் முதல் கேள்விக்கான நேரத்தில் பாதி போய்விட்டது. என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் பக்கம் ஒருவர் பேசினால் கேட்கிறவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பார். அது விழாவிட்டால் அடுத்த வாக்கியம் இறங்காது. நான் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்திப் பார்த்தேன். கட்டத்துக்குள் இருந்தவனும் நிறுத்தி என்னைப் பார்த்தான். யார் பெற்ற பிள்ளையோ, பாவமாக இருந்தது.

குழுவாக வேலை செய்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னது இரண்டாவது கேள்வி. ஃபேனைக்கூட அணைத்திருந்தேன். தெருவில் ஒரு சத்தமில்லை. நான் பேசுவேன், யாரோ எப்போதோ பார்ப்பார்கள். இரண்டு வருடமாகவே என் பிழைப்பு இப்படித்தான் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொடுத்த நேரம் முழுவதிலும் நான் சொன்னது, "டீம் ஈஸ்... டீம்..."

அப்போது வீரையா மாமா உள்ளே வந்தார். அம்மாவின் பெரியப்பா மகன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார்.

"என்ன மாப்ள, ஒருத்தரையும் காணோம்? தெருவே எழவு விழுந்தாப்புல கெடக்கு!" (கையில் கல்யாணப் பத்திரிகையோடு சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.)

நான் திரையைப் பார்த்தபடி உதட்டை அசைக்காமல், "இன்டர்வியூ மாமா. பத்திரிகைய வச்சுட்டுப் போங்க" என்றேன்.

"ஒன் கையில குடுக்கிறதா? கல்யாணம் ஆகாத பய கையில குடுத்துட்டுப் போனா, மொறையா அழைக்கலன்னு மச்சான் நாளைக்குப் பேச மாட்டாரா? ஒங்கம்மா வரட்டும். நீ பாட்டுக்கு நடத்து."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டார். பத்திரிகையோடு வந்தவரை வெளியே போகச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் ஆயுளுக்கும் பேச்சு இருக்காது. போகச் சொல்லாததற்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவது கேள்வி ஆங்கிலத்தில் வந்தது.

"என்னங்குது?" என்றார் மாமா.

"பத்து பம்ப்புல ரெண்டு ஒழுகுதாம் மாமா. என்ன செய்வேன்னு கேக்குது."

"வாசரு போயிருக்கும்."

"எடுத்த எடுப்புல அப்படிச் சொல்லப்படாது. மொதல்ல எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்."

"ம்."

அந்த ஒரு 'ம்' போதும். எனக்குள் என்னவோ திறந்துகொண்டது.

"ரெண்டும் ஒரே எடத்துல ஒழுகுதான்னு பாக்கணும்."

"ம். ஒரே எடம்னா?"

"வார்க்கிற அச்சுலயே கோளாறு. அன்னைக்கு வார்த்த அம்புட்டையும் நிறுத்தி வச்சுச் சோதிக்கணும்."

"அடி ஆத்தி! அப்ப எங்க கெணத்து மோட்டாரு?"

"அது எங்கிட்டு ஒழுகுது?"

நாற்காலியை அவர் பக்கமே திருப்பிவிட்டேன். தாம்பாளத்தில் வெற்றிலையைப் பரப்பி, பாக்கை நகர்த்தி, பம்ப்புக்குள் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது என்று காட்டினேன். நாலு வருடம் படித்தது அன்றைக்குத்தான் வாய்வழியாக வெளியே வந்தது. அப்படியொரு பதிலை எந்தக் கம்பெனியும் கேட்டிருக்காது. இந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது திரை சிவந்திருந்தது. அறையில் இன்னொரு நபர் இருப்பதால் நேர்காணல் முடிக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா? நல்லாத்தான சொன்னோம்" என்றார் மாமா.

"ஆமா மாமா" என்றேன்.

மறுநாள் உரக்கடையில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் யூரியா கேட்பார்கள், கூடவே வேலை கிடைத்ததா என்றும் கேட்பார்கள். யூரியா மட்டும் கொடுப்பேன்.

கல்யாணத்துக்குப் போனபோது யார் கண்ணிலும் படாமல் முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். கடைசி இலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மண்டபத்தில் அத்தனை வேலையிருக்க, பெண்ணின் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்து குனிந்தார்.

"நம்ம இன்டர்வியூ என்னாச்சு மாப்ள?"

"வேணாம்னுட்டாங்க மாமா."

"என்னையுமா?"

பட்டுவேட்டி கட்டிய அந்த மனிதரின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஆமா மாமா, ரெண்டு பேரையுமே" என்றேன். அவர் என் தோளில் கைவைத்து, "அந்த வாசரு சமாச்சாரம் நான் சொல்லிருக்கப்படாது" என்றார். நான் சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறியது. இரண்டு வருடத்தில் வேலை கிடைக்காமல் போனது எனக்கு மட்டும் இல்லை என்று ஆனது அன்றைக்குத்தான்.

எட்டு மாதம் கழித்து ஓசூரில், ஆள் எதிரே உட்கார்ந்து கேட்ட இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் வீட்டில் அதை யாரும் முழு வெற்றியாக எடுத்துக்கொள்வதில்லை. இன்றைக்கும் வீரையா மாமா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா குரல் கொடுப்பார்:

"ஏண்ணே, வேலை வந்துச்சா?"

"மாப்ளைக்கு வந்துருச்சுத்தா. எனக்குத்தான் இன்னும் கடுதாசியக் காணோம்."