பாரபட்சம் பார்க்காத பூட்டு மேடம்

மனித குலத்தையே வெறுப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பழகிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சொந்தக்காரர், சொந்த சாதி, சொந்த மதம் என்று பாதிப் பேரைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களைத்தான் வெறுப்பார்கள். ஒருவரையும் விடாமல், எல்லோரையும் ஒரே அளவாக வெறுக்கத் தெரிந்த ஆள் நான் அறிந்தவரை ஒருவர்தான். தூத்துக்குடியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் வைத்த பெயர் பூட்டு மேடம்.

ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு. கீசர் சுவிட்சுக்குப் பூட்டு. மொட்டைமாடிக் குழாய்க்குப் பூட்டு. ஊரைச் சுற்றி உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கிற தூத்துக்குடியில் உப்பு டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்த ஒரே பெண்மணி அவர்தான்.

"உப்புக்கு எதுக்கு மேடம் பூட்டு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"உப்பு கூடுனா பிரஷர் வரும். நீங்க செத்தாக்கூடப் பரவால்ல. படுத்துக் கெடந்தா யாரு பாக்க?"

சாவிக்கொத்துச் சத்தம் மாடிப்படியில் கேட்டதும் யாராவது ஒருத்தி, "ஏளா, அது வருது!" என்று கிசுகிசுப்பாள். உடனே விளக்குகள் அணையும், செல்போன்கள் தலையணைக்கு அடியில் போகும். அவரை நாங்கள் "அது" என்றுதான் சொல்வோம். வேறு எந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்தியதில்லை.

மத விஷயத்திலும் இதே சமநிலைதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்களுக்கு, "எண்ணெய் தரையில சிந்துச்சு, உன்னைய வச்சே துடைப்பேன்" என்பார். ஜெபம் செய்கிறவர்களுக்கு, "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், மெதுவாச் சொல்லு" என்பார். காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி நோன்பு வைத்தபோது, மாதம் முழுக்க விடியுமுன் எழுந்து சமையலறையைத் திறந்து, அவளுக்குக் குழம்பைச் சூடு பண்ணிக் கொடுத்துக்கொண்டே, "உன்னால என் தூக்கம் போச்சு மூதி" என்று திட்டினார். மூன்று மதத்தாரும் வாங்கிய திட்டு ஏறத்தாழ ஒரே எடை.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் ஒருநாள் ஸ்டெல்லா பெட்டியோடு வந்து நின்றாள். நான் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று லீவு என்பதால் கீழே பேப்பர் படித்தபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

"எந்த ஊரு?"

"ஆலந்தலை மேடம். கன்டெய்னர் யார்டுல எடைமேடை பாக்கேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிருதேன். நான் திருநங்கை."

பூட்டு மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"குறட்டை விடுவியா?"

"இல்ல மேடம்."

"துணிய பக்கெட்டுல ஊறப்போட்டுட்டு மறந்துருவியா?"

"மாட்டேன் மேடம்."

"வாரப்ப எல்லா மூதியும் இப்படித்தான் சொல்லும். மாடி, கடைசி ரூம்."

கடைசி ரூம் என்றால் என்னுடைய ரூம். இன்னொரு கட்டில் முழுக்க என் துணிகள். அவற்றை அள்ளிப் போட வேண்டுமே என்ற எரிச்சலோடு மேலே போனேன். ஸ்டெல்லா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். திறக்கவில்லை. வேண்டிய துணியை மட்டும் உருவி எடுத்துக்கொள்வாள். ஒரு வாரம் கழித்தும் அப்படியேதான் இருந்தது.

"பெட்டியப் பிரிச்சு அடுக்கினா என்ன?" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. இதுவரைக்கும் வீடு கேட்டுப் போன இடத்துல எல்லாம் நல்லாத்தான் பேசினாவ. காபிகூடக் குடுத்தாவ. சாவிய மட்டும் குடுக்கல. ரெண்டு இடத்துல குடுத்துட்டு வாங்கிட்டாவ."

மூன்றாவது இடத்திலும் சாவியைத் திரும்ப வாங்குவதற்கான வேலை கீழே நடந்துகொண்டிருந்தது. அதை ஆரம்பித்தவள் பிரேமா. தனியார் பள்ளியில் டீச்சர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரையோடு முதலில் வந்து நிற்பவள். விடுதியின் மாலை ஜெபத்தை நடத்துபவளும் அவள்தான். அவள் ஸ்டெல்லாவை "அவன்" என்றாள். ஸ்டெல்லா ஒருமுறை பொறுமையாக, "அவள்னு சொல்லுங்கக்கா" என்று கேட்டுப் பார்த்தாள். பிரேமா நேராக வார்டனிடம் போய்விட்டாள்.

"மேடம், அவள்னு சொன்னா அது பொய். பொய் சொல்லக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. எனக்கு மத சுதந்திரம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்கு. போன வாரம் ஸ்கூலுக்குப் போன் போட்டு வயித்துவலின்னு சொல்லிட்டு, அக்கா மக சடங்குல போய் பிரியாணி தின்னியே, அது எந்த வேதத்துல இருக்கு?"

பிரேமா அழுதுகொண்டே விடுதியின் ஓனர் அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். அண்ணாச்சி பலசரக்கு மொத்த வியாபாரி. ஆண், பெண் பற்றிய தத்துவத்தில் அவருக்கு எந்த ஈடுபாடும் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் பயம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு ஹாலில் கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வரலாம் என்றார்.

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கிருந்துதான் வருவார்களோ! பிரேமா தரப்பில் ஜெபக்குழுவிலிருந்து ஒரு பிரதர் வந்தார். ஸ்டெல்லா தரப்பில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே, சமத்துவம் பற்றி வெளியூர்களில் வகுப்பெடுக்கும் ஒரு பேராசிரியை வந்தார். இருவரையும் படம் எடுக்க ஒரு யூடியூப் சேனல்காரர் வந்தார். ஸ்டெல்லா ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள்மேல் கேமரா ஒருமுறை திரும்பியது. அவள் அழாததால் வேறு பக்கம் போய்விட்டது.

பிரதர் பண்பாடு சீரழிவதைப் பற்றி ஆரம்பித்து, நோவாவின் பேழைக்குப் போய், செல்போனில் முடித்தார். பேராசிரியை எழுந்து பிரதரை "பிற்போக்கின் எச்சம்" என்றார். பிரதருக்கு அர்த்தம் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் எழுந்து நின்று கத்தினார். உரிமை என்றார் இவர், ஒழுக்கம் என்றார் அவர். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நான் பார்த்தவரை ஸ்டெல்லாவால் அந்த ஹாலில் நேரடியாகப் பயனடைந்தவர்கள் இவர்கள் இருவரும்தான்.

நடுவில் ஸ்டெல்லா கையைத் தூக்கி, "நான் ஒண்ணு பேசலாமா?" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, உங்க பிரச்சனையைப் பத்தித்தான பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் பேராசிரியை. ஸ்டெல்லா கையை இறக்கிக்கொண்டாள்.

"பிரேமா மாதிரி மூடநம்பிக்கையில கிடக்கறவங்களை முதல்ல படிக்க வைக்கணும்" என்று பேராசிரியை தொடர்ந்தபோது, பின்பக்கம் சாவிக்கொத்து சத்தம் போட்டது.

"எம்மா, அவ ஜெபம் பண்ணுதது அவ இஷ்டம். அதுல நீங்க ஏன் மூக்க நுழைக்கிய? நான் அவளத் திட்டுதேன்னா தெனமும் சோறு போட்டுட்டுத் திட்டுதேன். நீங்க என்ன போட்டிய?"

பேராசிரியை சமாளித்துக்கொண்டு ஒரு பயிற்சி வைத்தார். ஒவ்வொருவரும் தங்களை அவன் என்று சொல்ல வேண்டுமா, அவள் என்று சொல்ல வேண்டுமா, அவர் என்று சொல்ல வேண்டுமா என்பதை எழுந்து சொல்ல வேண்டுமாம். ஓனர் அண்ணாச்சி வெலவெலத்துப்போய், "எம்மா, என்னைய அண்ணாச்சின்னாப் போதும்" என்றார். அடுத்து வார்டனின் முறை.

"என்கிட்டயா கேக்கிய?" என்றார் பூட்டு மேடம். "இங்கன உள்ள மூதிய எல்லாம் என்னைய 'அது'ன்னுதான் சொல்லுதாளுவ. 'அது வருது, லைட்ட அணை', 'அது தூங்கிட்டு, கேட்டத் தாண்டு'. இத்தன வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தியாவது என்கிட்ட வந்து உங்களுக்கு எது பிடிக்கும்னு கேட்டாளா?"

எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பிள்ள வாயத் தொறந்து கேட்டா. அதுக்கு இத்தன பேரு, ஒரு கேமரா. சவத்த!"

ஓனர் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார். "நல்ல பிள்ளதான், நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா ஊர் வாய மூட முடியாது பாத்துக்கிடுங்க. மாசக் கடைசில வேற இடம் பாத்துக்கிடட்டும். எல்லாருக்கும் நிம்மதி."

ஸ்டெல்லாவுக்கு இதைக் கேட்டுப் பழகிய முகம். எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

"ஏளா, நில்லு" என்றார் பூட்டு மேடம். அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "ஒருத்திய மட்டும் அனுப்பினா அது பாரபட்சம். எனக்குப் பாரபட்சம் பிடிக்காது. எல்லாத்தையும் அனுப்புங்க."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? இந்த பிரேமா தலைமுடி அம்புட்டும் பாத்ரூம் சல்லடையிலதான் கெடக்கு. இவள அனுப்புங்க. அந்தா கப்பல் ஆபீஸ்காரி, ஊற வச்ச துணி மூணு நாளா நாறுது. அவளையும் அனுப்புங்க. அந்த நர்ஸு போன்ல பேசுதது திரேஸ்புரம் வரைக்கும் கேக்கு. அந்தச் செவத்த பிள்ள பிளேட்டுல பாதிச் சோத்தக் கொட்டுதா. புதுசா வந்த இவ ஒருத்திதான் இதுவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல. குடுப்பா, அவளும் மனுசிதான. குடுத்த பெறவு அவளையும் அனுப்பிருவோம். எல்லாத்தையும் காலி பண்ணிட்டுப் பூட்டிருங்க அண்ணாச்சி. நான் பாட்டுக்கு நிம்மதியா இருப்பேன்."

குற்றப்பட்டியல் நீள நீள அண்ணாச்சியின் முகத்தில் காலியான அறைகள் வரிசையாக ஓடுவது தெரிந்தது. பிரதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பிரதர், பெண்கள் விடுதியில ஆம்பளைக்கு இவ்வளவு நேரம் அனுமதி கெடையாது. கேமராக்காரத் தம்பி, உனக்குந்தான்."

அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இருக்கட்டும், இருக்கட்டும். இப்ப என்ன, இருந்துட்டுப் போகட்டும்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த சேனலில் மறுநாள் "விடுதிக்குள் நடந்தது என்ன?" என்று படம் வந்தது. அதில் என்ன நடந்தது என்பதைத் தவிர எல்லாம் இருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா பெட்டியைப் பிரித்தாள். அதற்குள் இத்தனை சேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அலமாரியில் என் இடத்திலும் பாதி போய்விட்டது.

பிரேமாவுக்கும் வார்டன் ஒரு வழி சொல்லியிருந்தார். "அவள்னு சொல்ல உனக்கு மனசு வரலியா, சொல்லாத. ஆனா அவன்னு சொன்ன, சோறு கெடையாது. ஸ்டெல்லான்னு ஒரு பேரு இருக்குல்லா, அதச் சொல்லு."

சுலபமான வழியாகத்தான் தெரிந்தது. ஆனால் தமிழில் ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. வந்தாள், வந்தான் இரண்டும் வேண்டாம் என்றால் எங்கே போவது? பிரேமா புதிதாக ஒரு தமிழைக் கண்டுபிடித்தாள். "ஸ்டெல்லா குளிச்சாச்சு. ஸ்டெல்லா சாப்பிட்டாச்சு. ஸ்டெல்லா யார்டுக்குக் கிளம்பியாச்சு." நடந்து முடிந்ததை இப்படிச் சமாளித்துவிடலாம். நடந்துகொண்டிருப்பதுதான் சிக்கல். ஒருநாள் போனில் யாரோ கேட்க, "ஸ்டெல்லா இப்ப தூக்கத்தில்" என்றாள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு கேட்கிற மாதிரி இருக்கும். ஸ்டெல்லா தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தக் கார்த்திகையில் மழை வலுத்தது. தூத்துக்குடியில் மழை பெய்தால் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியை மறந்து தெருவிலேயே தங்கிவிடும். மத்தியானம் ஆரம்பித்த மழையில் சாயங்காலத்துக்குள் எங்கள் கேட் வரை முழங்கால் தண்ணீர். ஆளாளுக்கு நனைந்தபடி வந்து சேர்ந்தோம். ஸ்டெல்லாவைக் காணவில்லை. துறைமுகம் ரோட்டில் பஸ் இல்லை. அவள் போனும் அணைந்திருந்தது.

பூட்டு மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையோடு கேட்டருகே தண்ணீரில் நின்றார்.

"உள்ள வாங்க மேடம், காய்ச்சல் வந்துரும்" என்றேன்.

"செருப்பெல்லாம் மிதந்து போயிரும்ளா. அதப் பிடிக்க நிக்கேன். உன் ஜோலியப் பாரு."

செருப்புகள் எல்லாம் உள்ளே மாடிப்படியில் இருந்தன. அவர்தான் அவற்றை எடுத்து அடுக்கியிருந்தார்.

இருட்டத் தொடங்கியது. மாடி வராந்தாவில் பிரேமா டார்ச்சை அடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் முணுமுணுப்பாகக் கேட்டது. திடீரென்று தெருவே கேட்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"மேடம்! வாரா! அவ வாரா மேடம்!"

ஸ்டெல்லா செருப்பைக் கையில் பிடித்தபடி இடுப்பு நனைய வந்துகொண்டிருந்தாள். பிரேமா வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டுத் துண்டு எடுக்க உள்ளே ஓடினாள். பூட்டு மேடம் குடையை ஸ்டெல்லா தலைக்கு மேலே பிடித்தபடி, "டூட்டி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? சினிமா பாத்துட்டா வார?" என்று திட்டிக்கொண்டே உள்ளே கூட்டிவந்தார். கையில் குடை இருந்தும் அவரும் முழுக்க நனைந்திருந்தார்.

மறுநாள் காலை பிரேமா, "ஸ்டெல்லா எழுந்தாச்சு" என்று பழையபடி ஆரம்பித்தாள். ஆனால் அந்தத் தமிழ் பேசுவது கஷ்டம். மத்தியானத்துக்குள் பாதி மறந்துபோய்விட்டது.

நான் மாற்றலாகிச் சென்னைக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஞாயிறு தோறும் பூட்டு மேடத்துக்குப் போன் செய்வேன். "உனக்கு வேற வேல இல்லியா?" என்று ஆரம்பித்து, நான் சாப்பிடுவது, தூங்குவது, கல்யாணம் பண்ணாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரு மூச்சு திட்டித் தீர்ப்பார். பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்கும். இந்த வாரம் போனை எடுத்தவர் திட்டவில்லை. கொஞ்சம் இருமினார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். போனை வைத்த கையோடு தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.