பழ ஈக்களின் மரண நேரம்

உயிரோடு இருந்த ஐந்நூறு பேரை இறந்துவிட்டதாக நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். (பேர் என்றால் பழ ஈக்கள்தான், பயப்பட வேண்டாம்.) அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன்.

1984 மே, ஒரு செவ்வாய்க்கிழமை. பரிணாம உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் ஏழு மாதமாகச் சும்மா இருந்தேன். உப்பல் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி.

அறுபது தலைமுறையாக வெப்பத்தில் பழக்கிய ஈக்களை நேரில் காட்டுவது என் திட்டம். ரவை, வெல்லம், ஈஸ்ட் போட்டுக் காய்ச்சிய கூழில் பாட்டிலுக்குள் வளர்ந்தவை. துணைக்கு வந்த அப்பாதான் பையைக் கட்டினார்.

ஐந்து பேர் கொண்ட நேர்முகத் தேர்வுக் குழுவின் முன் பையைப் பிரித்தேன். பாட்டில் வாயில் காற்றுப் போக நான் வைத்திருந்த பஞ்சு அடைப்பைக் காணோம். அதற்குப் பதில் ரப்பர் கார்க், சுற்றிலும் மெழுகு. உள்ளே எல்லா ஈக்களும் மல்லாந்து கிடந்தன.

கதவைத் திறந்து வராந்தாவில் இருந்த அப்பாவிடம் கேட்டேன். "பஞ்சு எங்கப்பா?"

"போன தடவை கம்பெனி பஸ்ஸுல ஈ பறந்து எல்லாரும் நக்கோ நக்கோ, வேணாம் வேணாம்னு கத்தலையா? அதான் டைட்டா அடைச்சேன். தண்ணியில முக்கியும் பார்த்துட்டேன். ஒரு குமிழி வரலை." தொழிற்சாலையில் இருபது வருடம் கசிவு சோதித்தவர். குரலில் அத்தனை பெருமை.

திரும்பி வந்து கார்க்கைப் பிடுங்கினேன். குலுக்கினேன். அசைவில்லை. நோட்டை எடுத்து எழுதினேன்: 'காலை 10.50. அனைத்தும் மரணம்.' (அழுதிருக்கலாம். நேரம் குறிப்பதுதான் எனக்கு முதலில் வந்தது.)

தலைவர் சிரித்தார். "பரிணாமம் முடிந்துவிட்டது போலிருக்கிறதே. உங்களுக்குக் கல்யாணம் எப்போது?"

நான் வாய் திறப்பதற்குள் ஓர் ஈ காலை உதறியது. அப்புறம் பத்து. அப்புறம் எல்லாம். ஈஸ்ட் விட்ட கரியமில வாயுவில் மயங்கியவை, காற்று பட்டதும் எழுந்துவிட்டன. அந்த வாயுவால்தான் ஆய்வகத்தில் தினமும் நானே ஈக்களை மயக்குவேன். முனைவர் பட்டக்காரிக்கு அது தோன்றவில்லை. ஈக்கள் நேராகத் தலைவரின் மாம்பழத் தட்டுக்குப் போயின.

"செத்த ஈக்கும் மயங்கிய ஈக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்றார், தட்டை விசிறியபடி.

"என் தப்புதான் சார். ஆனால் நீங்கள் ஐந்து பேரும் பார்த்தீர்கள். ஒருவர்கூட மறுக்கவில்லையே."

இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஆவணிக் கல்யாணத்துக்கு நான் முடியாது என்றேன். மறு வருடம் அதே குழு, அதே ஈக்களின் வாரிசுகள், பஞ்சு அடைப்பு. "உயிரோடு இருக்கின்றனவா?" என்றார் தலைவர்.

"இருக்கின்றன. நேரம் குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இடம் கிடைத்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது விடிந்தும் எழாவிட்டால் யாரும் தட்டி எழுப்புவதில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு அப்பா என் பக்கம் திரும்புவார்: "அவசரப்பட்டு எழுதிடாதே. ரெண்டு நிமிஷம் பார்ப்போம்."